‘தி சர்ச்சர்ஸ்’: ஒரு வெஸ்டர்ன் திரைப்படம் வளர்ந்தோர் பார்வைக்கு வந்த வரலாறு

சுருக்கம்

ஜான் ஃபோர்டு இயக்கத்தில் 1956இல் வெளிவந்த ‘தி சர்ச்சர்ஸ்’ என்னும் வெஸ்டர்ன் திரைப்படம், தன் காலத்தில் வழக்கமான குதிரை-துப்பாக்கிக் கதையாகவே கொள்ளப்பட்டது. ஒரு தலைமுறைக்குப் பின்னர் அதுவே உலகத் திரைப்பட வரலாற்றின் தலையாய படைப்புகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. இம்மாற்றம் நிகழ்ந்த வழிகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. சிறுவயதில் கண்டவர்கள் வளர்ந்தபின் மீண்டும் கண்டதே இம்மாற்றத்தின் முதன்மைக் காரணம் எனக் கொண்டு, வளர்ந்த கண்ணுக்குப் புலப்படும் காட்சிக்கூறுகளையும், அக்கண்ணும் நெடுங்காலம் காணாது விட்டவற்றையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வெஸ்டர்ன், ஜான் ஃபோர்டு, மறுமதிப்பீடு, பார்வையாளர் வரலாறு, அமெரிக்கப் பூர்வகுடியினர், சிறைப்பட்டோர் கதை.

முன்னுரை

தமிழில் ‘மேற்கத்தியப் படம்’ என்றால் மேலைநாட்டில் எடுக்கப்பட்ட எப்படத்தையும் அது குறிக்கும். அமெரிக்க மேற்கு எல்லையைக் களமாகக் கொண்ட தனி வகைமைக்குத் தமிழ்ப் பார்வையாளர் ‘கௌபாய் படம்’ என்றே பெயரிட்டனர். அவற்றின் நாயகர்களுள் மாடு மேய்ப்பவர் மிகச் சிலரே. காவலர், படைவீரர், சூதாடி, கொள்ளையர், நாடோடி ஆகியோரே பெரும்பான்மையினர். ஆயினும் தொப்பியும் குதிரையும் கண்ட சிறுவர் மனத்தில் பதிந்த பெயர் நிலைத்துவிட்டது. பெயரிலேயே சிறுவர் பார்வை படிந்துள்ள ஒரு வகைமை, ஆய்வறிஞர்கள் நூல்கள் எழுதும் பொருளாக மாறியது எவ்வாறு என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம். வகைமை முழுவதையும் பேசினால் கட்டுரை பட்டியலாகச் சுருங்கிவிடும் என்பதால், ஒரு படத்தின் வரலாறு மட்டும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. குறிப்புகளில் வேறுபாடு தோன்றாதிருக்கும் பொருட்டு அவ்வகைமை ‘வெஸ்டர்ன்’ என்றே சுட்டப்படுகிறது.

முதல் வரவேற்பு

1956இல் அமெரிக்கச் சிறுவர்களுக்கு வெஸ்டர்ன் அன்றாட உணவு போன்றது. 1949இல் ‘ஹாப்பலாங் கேசிடி’ தொலைக்காட்சிக்கு வந்தது; 1955இல் ‘கன்ஸ்மோக்’ தொடங்கியது; அப்பத்தாண்டின் இறுதியில் மாலைநேர ஒளிபரப்பில் இருபதுக்கும் மேற்பட்ட வெஸ்டர்ன் தொடர்கள் ஓடின. இப்பெருக்கத்தின் நடுவே ‘தி சர்ச்சர்ஸ்’ வெளிவந்தது. ஜான் வெயின் நடிப்பு, மான்யுமென்ட் பள்ளத்தாக்கின் செம்பாறைகள், விஸ்டாவிஷன் அகலத்திரை, டெக்னிக்கலர் வண்ணம் என விளம்பரப்படுத்தத் தேவையானவை எல்லாம் அதில் இருந்தன. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் விமர்சகர் பாஸ்லி கிரவுதர் விறுவிறுப்பான நல்ல வெஸ்டர்ன் எனப் பாராட்டினார். ஆயினும் அகாதெமி விருதுக்கான பரிந்துரை ஒன்றுகூட அப்படத்திற்குக் கிட்டவில்லை. ஃபோர்டின் மீது பெருமதிப்புக் கொண்டிருந்த ஆங்கிலேய விமர்சகர் லிண்ட்சே ஆண்டர்சனுக்கும் அது உவப்பளிக்கவில்லை. ‘மை டார்லிங் கிளமென்டைன்’ (1946) படத்தின் அமைதியையும் சமூக ஒழுங்கையும் போற்றியவருக்கு, வெறுப்பில் உழலும் ஒருவனை நாயகனாக்கிய படம் ஃபோர்டின் இயல்பிற்குப் புறம்பானதாகத் தோன்றியது. பிற்காலத்தார் எக்கூற்றைப் படத்தின் உயிர்நாடி என்றனரோ அதனையே அவர் குறையாகக் கண்டார் என்பது நோக்கத்தக்கது.

படத்தின் கதை எளியது. உள்நாட்டுப் போர் முடிந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 1868இல், தோற்ற தரப்பின் வீரனான ஈதன் எட்வர்ட்ஸ் டெக்சாசில் தன் தம்பி வீட்டிற்குத் திரும்புகிறான். கோமாஞ்சிகள் அவ்வீட்டைத் தாக்கித் தம்பியையும் அவன் மனைவி மார்த்தாவையும் மகனையும் கொன்று, மகள்கள் இருவரையும் கொண்டு செல்கின்றனர். மூத்தவள் கொல்லப்பட்டது விரைவில் தெரியவருகிறது. இளையவள் டெபியைத் தேடி ஈதனும், அவ்வீட்டில் வளர்ந்த மார்ட்டின் பாலியும் ஆண்டுக்கணக்கில் அலைகின்றனர். டெபி கோமாஞ்சித் தலைவன் ஸ்காரின் மனைவியருள் ஒருத்தியாக வளர்ந்துவிட்டாள் என அறிந்ததும், ஈதன் அவளைத் தேடுவது மீட்பதற்கா கொல்வதற்கா என்பதே கதையின் முடிச்சாகிறது.

மறுகாட்சிக்கான களங்கள்

இப்படத்தின் மறுபிறப்பிற்கான நிலம் பாரிசில் பண்படுத்தப்பட்டது. 1951இல் தொடங்கிய ‘காயே து சினிமா’ இதழில் ஆந்த்ரே பசான் வெஸ்டர்னின் வளர்ச்சியைப் பற்றி 1955இல் எழுதிய கட்டுரை, அவ்வகைமையைக் காவியத்திற்கு நிகரான மரபாகக் கருதியது. அமெரிக்காவில் ராபர்ட் வார்ஷா 1954இல் எழுதிய ‘தி வெஸ்டர்னர்’ கட்டுரையும் இத்தகையதே. வளர்ந்தோர் வெட்கமின்றி வெஸ்டர்னைப் பேசலாம் என்னும் இசைவை இவை அளித்தன. ‘பாலைவனக் கைதி’ எனப் பொருள்படும் பெயருடன் ‘தி சர்ச்சர்ஸ்’ பிரான்சில் திரையிடப்பட்டது. இடதுசாரியான ழான்-லூக் கொதார், வலதுசாரி அரசியல்வாதி பாரி கோல்ட்வாட்டரை ஆதரித்த ஜான் வெயினை வெறுக்கும் தான், படத்தின் இறுதியில் அவர் நாத்தலி வுட்டைக் கையில் ஏந்தும் கணத்தில் அவரை நேசிக்க நேர்வது எவ்வாறு எனத் தன்னையே வினவிக்கொண்டார். படத்தைப் பற்றிய பிற்கால எழுத்து அனைத்தும் இவ்வினாவைச் சுற்றியே இயங்கியது எனலாம்.

அறுபதுகளில் ஆண்ட்ரூ சாரிஸ், இயக்குநரையே படத்தின் ஆசிரியராகக் கொள்ளும் கோட்பாட்டை அமெரிக்காவிற்குக் கொணர்ந்தார். அவருடைய ‘தி அமெரிக்கன் சினிமா’ (1968) ஃபோர்டை முதல் வரிசையில் வைத்தது. பீட்டர் வோலனும் ஜிம் கிட்சஸும் 1969இல் வெளியிட்ட நூல்கள், தோட்டம்–பாலை, நாகரிகம்–காடு போன்ற எதிர்மைகளைக் கொண்டு வெஸ்டர்னைக் கட்டுடைத்தன. அகத்திணைக்கும் புறத்திணைக்கும் இடையே வாழ்வைப் பகுத்துப் பயின்ற தமிழ் மாணவருக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. எனினும் அவ்வொப்புமையை இங்கு நீட்டத் தேவையில்லை.

கோட்பாட்டைக் காட்டிலும் வலியது தலைமுறை மாற்றம். படம் வெளிவந்தபோது மார்ட்டின் ஸ்கோர்செசிக்கு வயது 13, ஜார்ஜ் லூகாசுக்கு 12, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கிற்கு 9. சிறுவராயிருந்த இவர்கள் வளர்ந்து படம் எடுக்கத் தொடங்கியபோது, தாம் கண்டதைத் தம் படங்களுக்குள் கொணர்ந்தனர். ஸ்கோர்செசியின் முதற்படமான ‘ஹூஸ் தட் நாக்கிங் அட் மை டோர்’ (1967) படத்தில் நாயகன் ஒரு பெண்ணிடம் ‘தி சர்ச்சர்ஸ்’ பற்றியே பேசிப் பழகுகிறான். ‘மீன் ஸ்ட்ரீட்ஸ்’ (1973) பாத்திரங்கள் திரையரங்கில் அப்படத்தைக் காண்கின்றனர். ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) படத்தில் எரிந்த பண்ணைவீட்டைக் காணும் இளைஞனின் காட்சி, எட்வர்ட்ஸ் வீடு எரியும் காட்சியின் வழித்தோன்றல். 1979இல் ஸ்டூவர்ட் பைரன் ‘நியூயார்க்’ இதழில் எழுதிய கட்டுரை, புதிய ஹாலிவுட்டின் வழிபாட்டிற்குரிய படம் இதுவே என அறிவித்தது.

இவ்வரிசைக்குள் அடங்காதவர் பால் ஷ்ரேடர். கண்டிப்பான கால்வினியக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு இளமையில் திரைப்படம் காணவே அனுமதியில்லை. வளர்ந்த கண்ணோடு மட்டுமே வெஸ்டர்னைக் கண்ட அவரே, அதன் கருவை மிக ஆழமாக எடுத்தாண்டார். ‘டாக்சி டிரைவர்’ (1976) திரைக்கதையில், மீட்கப்பட விரும்புகிறாளா என்றே தெரியாத ஒரு சிறுமியை மீட்கப் புறப்படும் தனியன், நியூயார்க் தெருக்களில் அலையும் ஈதனே. ‘ஹார்ட்கோர்’ (1979) படத்தில் மகளைத் தேடும் தந்தையும் அவ்வாறே. ஆகவே சிறுவயது நினைவின் ஏக்கம் மட்டுமே இப்படத்தை உயர்த்தியது என்னும் கூற்று பொருந்தாது. படத்திற்குள்ளேயே வளர்ந்தோருக்கென வைக்கப்பட்டவை உள்ளன.

வளர்ந்த கண் காண்பவை

தாக்குதலுக்கு முந்தைய காலைப்பொழுதில், காவற்படையினருடன் ஈதன் புறப்பட இருக்கிறான். வார்டு பாண்ட் நடித்த கேப்டன் கிளேட்டன் நின்றவாறு காப்பி அருந்துகிறார். உள்ளறையில் மார்த்தா ஈதனின் மேலங்கியை எடுத்து, யாரும் காணவில்லை என எண்ணி, அதனைக் கையால் வருடுகிறாள். கிளேட்டனின் கண் அதில் படுகிறது. அவர் முகத்தைத் திருப்பி வெற்றிடத்தை நோக்கிக் காப்பியைத் தொடர்ந்து குடிக்கிறார். பின்னர் ஈதன் வந்து அவள் நெற்றியில் முத்தமிடுகிறான். ஒரு சொல் இல்லை. இதனை விளக்கும் உரையாடல் படத்தில் வேறெங்கும் இல்லை. தம்பி மனைவியிடம் ஈதன் கொண்ட காதலும், அவளும் அவனிடம் கொண்ட காதலும், ஊரார் அதனை அறிந்தும் அறியாதது போல ஒழுகிய பண்பும் ஒரு நிமிடத்திற்குள் அடங்கிவிடுகின்றன. சண்டைக்குக் காத்திருக்கும் சிறுவன் இதனைக் கடந்துவிடுவான். இதனைக் கண்டவருக்கோ பின்வரும் முழுக்கதையும் வேறாகிறது. ஈதன் தேடுவது தம்பி மகளை மட்டுமன்று. மார்த்தாவின் எஞ்சிய பகுதியையும்தான். அதனை மாசுற்றதாக அவன் எண்ணுவதனாலேயே அவன் வெறுப்பு அத்துணைக் கொடிதாகிறது.

மற்றொன்று கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. தாக்குதல் நிகழும் அந்தியில் சிறுமி டெபியைப் பெரியோர் வீட்டிற்கு வெளியே அனுப்பி, பாட்டியின் கல்லறையருகே ஒளிந்திருக்கச் சொல்கின்றனர். அக்கல்லறையில் 1852இல் கோமாஞ்சிகளால் கொல்லப்பட்டவள் என எழுதப்பட்டிருப்பது சில நொடிகளே தெரிகிறது. அதாவது ஈதனின் தாய் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே அவ்வாறு இறந்தவள். படத்தில் எவரும் இதனைச் சொல்வதில்லை. திரையரங்கில் ஒருமுறை கண்டவருள் பலர் இதனைப் படித்திருக்க இயலாது. படத்தை நிறுத்தி மீண்டும் காணும் வசதி வந்தபின்பே இக்கல் ஆய்வாளர்களிடையே பரவலாகப் பேசப்பட்டது. மறுகாட்சி என்பது உள்ளத்தின் முதிர்ச்சி மட்டுமன்று, கருவிகளின் கொடையும் ஆகும் என்பதற்கு இது சான்று. விஸ்டாவிஷன் முறையில் படச்சுருள் கிடையாக ஓடியதால் அதன் எதிர்ச்சுருள் வழக்கமானதைவிடப் பெரியது, நுண்விவரங்களைக் காத்தது. வீட்டுத் தொலைக்காட்சியின் சிறு திரையில் அவ்விவரங்கள் அனைத்தும் மறைந்தன. 2024இல் அவ்வெதிர்ச்சுருளிலிருந்து புதிய 70 மில்லிமீட்டர் பிரதி உருவாக்கப்பட்டுத் திரையிடப்பட்டது.

கல்லறையில் காணும் செய்தி ஈதனின் வெறுப்பிற்குக் காரணம் காட்டுகிறது, நியாயம் கற்பிக்கவில்லை. ஸ்காரும் தன் மகன்களை வெள்ளையர் கொன்றதனால் பழிதீர்ப்பவனே. இருவரும் ஒருவர் மொழியை ஒருவர் அறிந்தவர்கள். இறந்த கோமாஞ்சி ஒருவனின் கண்களை ஈதன் சுடுகிறான். கண்ணற்ற ஆவி மேலுலகம் புகாமல் காற்றிடையே அலையும் என்னும் அவர்தம் நம்பிக்கையை அறிந்தே அவ்வாறு செய்கிறான். இறுதியில் உறவினர் எல்லாரும் வீட்டிற்குள் செல்ல, வாயிற்படிக்கு வெளியே நின்று திரும்பி நடப்பவன் அவனே. அக்கணத்தில் ஜான் வெயின் இடக்கையால் வலமுழங்கையைப் பற்றுவது, ஃபோர்டின் தொடக்ககால நாயகரும் 1947இல் மறைந்தவருமான ஹாரி கேரிக்குச் செய்த அஞ்சலி. கேரியின் மனைவி ஆலிவ் அக்காட்சியில் நடித்தவர் என்பதை அறிந்து காண்போருக்கு அச்சைகை நடிப்பெல்லையைக் கடந்த ஒன்றாகிறது.

நாவலும் வரலாறும்

ஆலன் லெமே 1954இல் எழுதிய நாவலே படத்தின் மூலம். நாவலில் அமோஸ் எனப் பெயர் கொண்ட நாயகன், டெபி என மயங்கிய ஒரு கோமாஞ்சிப் பெண்ணின் கையால் இறக்கிறான். திரைக்கதையாசிரியர் ஃபிராங்க் நியூஜென்டும் ஃபோர்டும் அம்முடிவை விலக்கினர். படத்தில் ஈதன் டெபியைத் துரத்திப் பிடித்து, கொல்வான் என நாம் அஞ்சும் கணத்தில், சிறுமியாயிருந்தபோது தூக்கியது போலவே தூக்குகிறான். அவன் மனமாற்றத்திற்குப் படம் காரணம் எதனையும் கூறுவதில்லை. இதனைக் குறை என்போர் உளர். மார்த்தாவின் மேலங்கிக் காட்சியில் சொல்லாமல் விடுவதையே முறையாகக் கொண்ட படம் இங்கும் அதனையே பின்பற்றுகிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இக்கதை கற்பனை மட்டுமன்று. 1836இல் டெக்சாசின் பார்க்கர் கோட்டையிலிருந்து சிந்தியா ஆன் பார்க்கர் என்னும் சிறுமியைக் கோமாஞ்சிகள் கொண்டு சென்றனர். அவள் தந்தையின் உடன்பிறந்தவரான ஜேம்ஸ் பார்க்கர் பல்லாண்டுகள் தேடினார். அவளோ கோமாஞ்சியாகவே வளர்ந்து, பீட்டா நொகோனா என்னும் தலைவனை மணந்து தாயானாள். 1860இல் டெக்சாஸ் காவற்படை அவளைக் கைப்பற்றி உறவினரிடம் ஒப்படைத்தது. தன் மக்களிடம் திரும்பிச் செல்லவே அவள் முயன்றாள், இயலவில்லை. பத்தாண்டு அளவில் துயருற்றே இறந்தாள். அவள் மகன் குவானா பார்க்கர் கோமாஞ்சிகளின் புகழ்மிக்க தலைவரானார். கிளென் ஃபிராங்கல் 2013இல் வெளியிட்ட நூல் இவ்வரலாற்றையும் படம் உருவான வரலாற்றையும் இணைத்துக் கூறுகிறது. படத்தின் டெபி வீடு திரும்புவதோடு கதவு மூடுகிறது. மூடிய கதவிற்குப் பின் சிந்தியா ஆன் வாழ்ந்த பத்தாண்டுகள் உள்ளன. இவ்வரலாற்றை அறிந்தபின் அவ்விறுதிக் காட்சியை ஆறுதலாக மட்டும் காண இயலாது.

மறுமதிப்பீட்டின் எல்லை

1982இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் ‘தி சர்ச்சர்ஸ்’ முதல் பத்திற்குள் நுழைந்தது. 1992இல் ஐந்தாம் இடம் பெற்றது. 1989இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேடு தொடங்கியபோது முதல் 25 படங்களுள் ஒன்றாயிற்று. இவ்வுயர்விற்கு உடன்நின்ற வாதம் ஒன்றே: இது இனவெறிப் படமன்று, இனவெறியைப் பற்றிய படம். பிரையன் ஹென்டர்சன் 1980களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரை இன்னும் ஒருபடி சென்று, பள்ளிகளில் நிறப்பிரிவினையை நீக்கிய 1954ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பிற்குப் பிந்தைய அமெரிக்காவின் கறுப்பர்–வெள்ளையர் சிக்கலையே படம் பூர்வகுடியினர் வேடத்தில் பேசுகிறது என்றது.

இவ்வாதத்திற்குப் படத்தில் வலுவான சான்றுண்டு. மணப்பெண் உடையில் நிற்கும் லாரி, டெபியைச் சுட்டுக் கொல்வதையே மார்த்தாவும் விரும்பியிருப்பாள் என மார்ட்டினிடம் கூறும் காட்சி அது. வெறுப்பு ஈதன் என்னும் தனியொருவனின் நோயன்று, அன்பான அண்டைவீட்டுப் பெண்ணின் நாவிலும் அது இயல்பாக வருகிறது என ஃபோர்டு காட்டுகிறார். பனிபடர்ந்த கோமாஞ்சிச் சிற்றூரில் அமெரிக்கக் குதிரைப்படை நிகழ்த்திய படுகொலையையும் அவர் மறைக்கவில்லை.

ஆனால் அச்சிற்றூரில் இறந்து கிடப்பவள் ‘லுக்’. பண்டமாற்றின்போது தவறுதலாக மார்ட்டினுக்கு மனைவியாகிவிட்ட இப்பெண்ணைப் படம் நெடுநேரம் நகைப்பிற்குரியவளாகவே நடத்துகிறது. அவள் அருகில் படுக்க வந்தபோது மார்ட்டின் அவளை உதைத்துச் சரிவில் உருளச் செய்கிறான், ஈதன் சிரிக்கிறான், அரங்கமும் சிரிக்க வேண்டும் என்றே அக்காட்சி அமைந்துள்ளது. பின்னர் அவள் பிணத்தைக் கண்டு வருந்துமாறு படம் நம்மை அழைக்கிறது. முந்தைய சிரிப்பைப் பிந்தைய துயரம் குற்றப்படுத்துகிறது என விளக்கம் கூறுவோர் உண்டு. அவ்விளக்கம் படத்திற்கு அளவுகடந்த சலுகை அளிப்பதாகவே தோன்றுகிறது. உதைப்பவன் படத்தின் மனச்சான்றாக நிறுத்தப்படும் மார்ட்டின். எட்டில் ஒரு பங்கு செரோக்கி இரத்தம் உடையவன். அவ்வுதைக்காக எக்காட்சியிலும் அவன் நாணுவதில்லை. ஸ்காராக நடித்தவர் ஜெர்மனியில் பிறந்த ஹென்றி பிராண்டன். கோமாஞ்சிகளாக வந்தோர் நவாஹோக்கள். பேசியதும் நவாஹோ மொழி. டெக்சாஸ் எனக் காட்டப்பட்ட மண்ணும் யூட்டா–அரிசோனா எல்லையிலுள்ள நவாஹோ நிலமே. ‘இனவெறியைப் பற்றிய படம்’ என்னும் வாய்பாடு ஈதனுக்குப் பொருந்துகிறது. லுக் வரும் காட்சிகளுக்குப் பொருந்தவில்லை. படத்தை உயர்த்திய விமர்சகர்கள் முன்னதைப் பற்றி எழுதிய அளவிற்குப் பின்னதைப் பற்றி எழுதவில்லை என்பது தற்செயலன்று. அவர்களுடைய முதிர்ந்த பார்வை ஈதனின் தோள்மேல் இருந்தே உலகைக் கண்டது.

இங்குச் சமூகவியலாளர் ஜோஎல்லன் ஷிவ்லி 1992இல் வெளியிட்ட ஆய்வு முதன்மை பெறுகிறது. பூர்வகுடியினருக்கான ஒதுக்கப்பகுதியில் அமைந்த ஓர் ஊரில், பூர்வகுடி ஆடவர் 20 பேருக்கும் வெள்ளை ஆடவர் 20 பேருக்கும் அவர் இப்படத்தைத் திரையிட்டார். இரு தரப்பாரும் படத்தை விரும்பினர். பூர்வகுடியினர் ஸ்காரோடு தம்மை ஒன்றச் செய்துகொள்ளவில்லை. ஜான் வெயினோடும் மார்ட்டினோடுமே ஒன்றினர். ஆயினும் விருப்பத்தின் காரணம் வேறுபட்டது. வெள்ளையருக்கு அப்படம் தம் முன்னோரின் உண்மை வரலாறாக இருந்தது. பூர்வகுடியினர் அதனை வரலாறாகக் கொள்ளவே இல்லை. பரந்த நிலத்தில் எவருக்கும் அடங்காமல் வாழும் கனவாகக் கண்டனர். வரலாறு என நம்பாததனாலேயே அவர்களால் அதனைத் துய்க்க முடிந்தது.

அதே படத்தைக் கல்லூரியில் பயிலும் பூர்வகுடி மாணவர்களுக்கும் ஷிவ்லி காட்டினார். தம் இனத்தார் காட்டப்பட்ட முறையே அவர்கள் கண்ணில் முதலில் பட்டது. ஒதுக்கப்பகுதியின் ஆடவர்கள் ஜான் வெயினின் குதிரையோடு சென்ற இடங்களுக்கு அம்மாணவர்களால் செல்ல இயலவில்லை.